300 அலாரம்: சிஎன்சி மெஷின் தன் இடத்தை எப்படி ஞாபகம் வச்சிருக்கு?

சிஎன்சி லேப்ல ரெண்டு தலைமுறை மெஷின் பக்கத்துல பக்கத்துல நின்னா ஒரு வித்தியாசம் உடனே கண்ணுல படும். பழைய மெஷினை ஆன் பண்ணதும் முதல் வேலை ஹோமிங். எக்ஸ் ஆக்சிஸ், இசட் ஆக்சிஸ் ரெண்டையும் அதோட ரெஃபரன்ஸ் இடத்துக்கு ஓட்டி, விளக்கு எரிஞ்ச பிறகுதான் புரோகிராம் ஓடும். புதுசுல அந்தச் சடங்கே கிடையாது. நேத்து எங்க விட்டோமோ, இன்னைக்கு ஆன் பண்ணதும் அதே இடத்தை மூணு தசமம் வரைக்கும் ஸ்கிரீன்ல காட்டும்.

நடுவுல கரண்ட் இல்ல. மோட்டாருக்கு சப்ளை இல்ல, கன்ட்ரோலரும் தூங்கிடுச்சு. அப்புறம் எப்படி அதுக்கு ஞாபகம் இருக்கு?

"அப்சல்யூட் என்கோடர் இருக்கு சார்"னு வைவால சொன்னா மார்க் கிடைக்கும். ஆனா அந்த பதில் பாதிதான். என்கோடர் தர்றது ஒரு எண் மட்டும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு சொல்றது கன்ட்ரோலருக்குள்ள இருக்கற பாராமீட்டர். அந்தப் பாராமீட்டரை எழுதறது ஒரு மனுஷன். நாளைக்கு ஷாப் ஃப்ளோர்ல அந்த மனுஷன் நம்மள்ல ஒருத்தராவும் இருக்கலாம். அதனாலதான் இதை முழுசா புரிஞ்சுக்கறது நல்லது.

எண்ணத் தெரியும், இடம் தெரியாது

முதல்ல பழைய முறை. சர்வோ மோட்டாரோட பின்பக்கம் ஒரு சின்ன வட்டத் தகடு, அதுல மெல்லிய கோடுகள். ஒரு பக்கம் வெளிச்சம், இன்னொரு பக்கம் சென்சார். தகடு சுத்தும்போது வெளிச்சம் வெட்டி வெட்டி வரும், அதுதான் பல்ஸ். ஏ, பினு ரெண்டு சிக்னல், ரெண்டுக்கும் நடுவுல 90 டிகிரி இடைவெளி. எது முன்னாடி வருதோ அதை வச்சு மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரியும்.

ஒரு கணக்கு போடுவோம். தகட்டுல 2500 கோடு. ஏ, பி ரெண்டோட ஏற்ற இறக்கத்தையும் எண்ணினா ஒரு கோட்டுக்கு 4 கவுண்ட், ஆக ஒரு சுத்துக்கு 10,000 கவுண்ட். மோட்டார் நேரடியா 10 மிமீ பிட்ச் பால் ஸ்க்ரூவோட சேர்ந்திருந்தா, ஒரு சுத்துக்கு டேபிள் 10 மிமீ நகரும். அப்போ ஒரு கவுண்ட் 0.001 மிமீ, அதாவது ஒரு மைக்ரான். துல்லியத்துக்குக் குறையே இல்ல.

குறை வேற இடத்துல. இந்த இன்க்ரிமென்டல் என்கோடர் எல்லா கோட்டையும் ஒரே மாதிரிதான் பாக்கும். 1-வது கோடும் 1800-வது கோடும் அதுக்கு ஒண்ணுதான். எத்தனை கோடு கடந்துச்சுன்னு எண்ணி வைக்கறது கன்ட்ரோலர். பவர் போனா எண்ணிக்கை போச்சு. ஆஃப்ல இருக்கும்போது யாராவது ஸ்க்ரூவைக் கையால சுத்தினா, அதை எண்ண ஆளே இல்ல.

அதனாலதான் ஹோமிங். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கொஞ்சம் பொறுமையா பாருங்க. ஆக்சிஸ் ஓடற பாதையில ஒரு ஓரத்துல டாக்னு ஒரு உலோகக் கட்டை இருக்கும். அது ஒரு லிமிட் சுவிட்சை அழுத்தினதும் வேகம் குறையும். சுவிட்சை விட்டு டாக் விலகினதும், என்கோடர்ல அடுத்து எப்போ சுத்துக்கு ஒரு தடவை வர்ற அந்த ஒத்தை பல்ஸ் வருதோ, அங்கதான் ஆக்சிஸ் நிக்கும். அந்த இடம்தான் ரெஃபரன்ஸ்.

ஏன் ரெண்டும் வேணும்? சுவிட்ச் மட்டும் போதாதா? போதாது. மெக்கானிக்கல் சுவிட்ச் ஒவ்வொரு தடவையும் மைக்ரான் மாறாம ஒரே இடத்துல திறக்காது. கூலன்ட், சிப்ஸ், தேய்மானம்னு அதுக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஒத்தை பல்ஸ் மட்டும் போதுமான்னா அதுவும் போதாது. 500 மிமீ ஓடற ஆக்சிஸ்ல 10 மிமீக்கு ஒண்ணுன்னு 50 ஒத்தை பல்ஸ் வரும், எது நம்ம ஆளு? அதனால வேலையைப் பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. எந்தச் சுத்துன்னு டாக் சொல்லும். அந்தச் சுத்துல எந்தப் புள்ளின்னு பல்ஸ் சொல்லும்.

டாக் விலகற இடமும் பல்ஸ் வர்ற இடமும் ரொம்பக் கிட்ட வந்துட்டா ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு நாள் பல்ஸுக்குக் கொஞ்சம் முன்னாடி விலகும், இன்னொரு நாள் கொஞ்சம் பின்னாடி. முன்னாடி விலகினா சரியான பல்ஸ், பின்னாடி விலகினா அதுக்கடுத்த பல்ஸ். ரெஃபரன்ஸ் சரியா 10 மிமீ தாவிடும். "எப்பவாவது ஒரு பிட்ச் தள்ளிப் போகுது"ன்னு ஒரு கம்ப்ளெயின்ட் வந்தா அனுபவசாலிங்க முதல்ல டாக்கைத்தான் பாப்பாங்க.

நிமிட முள்ளும் மணி முள்ளும்

இப்போ அப்சல்யூட் என்கோடர். இதுல தகட்டோட ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனி குறியீடு இருக்கும். ஆன் பண்ணதும் ஒரு தடவை படிச்சாப் போதும், எந்தக் கோணத்துல இருக்கோம்னு தெரிஞ்சிடும். எண்ணவே வேண்டாம்.

அந்தக் குறியீட்டை சாதாரண பைனரியில எழுதினா ஒரு சிக்கல் வரும். 3-ல இருந்து 4-க்குப் போறதைப் பாருங்க. 011-ல இருந்து 100. மூணு பிட்டும் ஒரே நேரத்துல மாறணும். நிஜத் தகட்டுல மூணு கோடும் ஒரே கணத்துல மாறாது, ஒண்ணு நூலிழை முந்தும். அந்தக் கணத்துல படிச்சா 111-னோ 000-ன்னோ கூட வரலாம், 3-க்கும் 4-க்கும் சம்பந்தமே இல்லாம. இதுக்குத் தீர்வுதான் நம்ம டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல படிச்ச கிரே கோடு: 000, 001, 011, 010, 110, 111, 101, 100. அடுத்தடுத்த எண்களுக்கு நடுவுல ஒரே ஒரு பிட்தான் மாறும். தப்பாப் படிச்சாலும் பக்கத்து எண்தான் வரும். பெல் லேப்ஸ்ல வேலை பார்த்த ஃபிராங்க் கிரே 1947-ல பேட்டன்டுக்கு விண்ணப்பிச்சார், 1953-ல கிடைச்சது. செமஸ்டர் எக்ஸாம்ல கன்வெர்ஷன் கணக்கா மட்டும் வந்துட்டுப் போற விஷயம், இங்க ஒரு நிஜப் பிரச்சனையைத் தீர்க்குது. இப்போ வர்ற என்கோடர்கள் வேற வகைக் குறியீடுகளையும் பயன்படுத்தி, எண்ணை சீரியலா அனுப்புது. 20 பிட்னா ஒரு சுத்துக்கு 10,48,576 பங்கு. 10 மிமீ பிட்ச்ல அது ஏறக்குறைய 0.01 மைக்ரான்.

ஆனா இன்னும் ஒரு ஓட்டை இருக்கு. இது ஒரு சுத்துக்குள்ளதான் அப்சல்யூட். மோட்டார் ஒரு முழுச் சுத்து சுத்திட்டு அதே கோணத்துக்கு வந்தா அதே எண்தான் வரும். டேபிள் 10 மிமீ தள்ளி நிக்குது, தகட்டுக்கு வித்தியாசமே தெரியாது. மணி முள் உடைஞ்ச கடிகாரம் மாதிரி. நிமிஷம் சரியாச் சொல்லும், மணி தெரியாது.

மணி முள்ளை ஒட்டவைக்க மூணு வழி இருக்கு.

முதல் வழி பல் சக்கரம். என்கோடருக்குள்ளயே சின்ன கியர் வரிசை, அதுல இன்னும் சில குறியீட்டுத் தகடுகள். கடிகாரம் வேலை செய்யற மாதிரியே. கரண்ட் இல்லாம கையால சுத்தினாலும் கியர் சுத்தும், அதனால பேட்டரி தேவையில்ல. ஹைடன்ஹைன் மாதிரி கம்பெனிகள் 4096 சுத்து வரைக்கும் பிரிச்சறியற என்கோடர் விக்கறாங்க.

ரெண்டாவது வழி பேட்டரி. சுத்துகளை எண்ண ஒரு சின்ன கவுண்டர், அது அணையாம இருக்க ஒரு பேட்டரி. மெஷின் ஆஃப் ஆனாலும் அந்தக் கவுண்டர் மட்டும் முழிச்சிருக்கும். நம்ம ஊர் ஷாப்கள்ல நிறைய இருக்கற ஃபானக் மெஷின்கள்ல பெரும்பாலும் இந்த முறைதான். சிலதுல பேனலுக்குள்ள நாலு பெரிய டி சைஸ் செல் போட்ட பெட்டி இருக்கும், 1.5 வோல்ட் நாலு சேர்ந்து 6 வோல்ட். சிலதுல சர்வோ ஆம்ப்ளிஃபையரோட முகப்புல 6 வோல்ட் லித்தியம் பேட்டரி செருகியிருக்கும்.

மூணாவது வழி வீகண்ட் கம்பி. ஒரு விசேஷ உலோகக் கம்பிக்குப் பக்கத்துல காந்தம் சுத்தும்போது, கம்பியோட காந்தத் திசை திடீர்னு புரண்டு ஒரு சின்ன மின் துடிப்பு வரும். மெதுவா சுத்தினாலும் துடிப்போட பலம் குறையாது. ஒரு சுத்தை எண்ணி மெமரியில எழுத அந்தத் துடிப்பே போதும். பேட்டரியும் வேண்டாம், கியரும் வேண்டாம்.

எண் இருக்கு, அர்த்தம் எங்க?

இப்போ என்கோடர் சொல்லுது: "37 சுத்து, அதுக்கு மேல 2,50,000 கவுண்ட்." ஒரு சுத்துக்கு 10,00,000 கவுண்ட், பிட்ச் 10 மிமீனு வச்சுக்கோங்க. 37.25 சுத்து, 372.5 மிமீ. சரி, எங்கிருந்து 372.5? என்கோடரோட சொந்தப் பூஜ்யத்துல இருந்து. அது ஃபேக்டரியில அதைப் பூட்டினபோது தற்செயலா அமைஞ்ச ஒரு இடம். உங்க மெஷினோட டேபிள், ஸ்பிண்டில், டர்ரட் எதுக்கும் அதோட உறவே கிடையாது.

உறவை ஏற்படுத்தறது நாம. மெஷினைக் கட்டினவங்க ஆக்சிஸை ரெஃபரன்ஸ் இடத்துல நிறுத்தி, "இதுதான் மெஷின் ஜீரோ, இப்போ என்கோடர் என்ன சொல்லுதோ குறிச்சுக்கோ"ன்னு கன்ட்ரோலருக்குச் சொல்றாங்க. அப்போ என்கோடர் 12.6 சுத்துன்னு காட்டிச்சுன்னா அது 126 மிமீ. இனிமே கன்ட்ரோலர் ஒவ்வொரு தடவையும் 372.5-ல இருந்து 126-ஐக் கழிச்சு, "ஜீரோவுல இருந்து 246.5 மிமீ"னு ஸ்கிரீன்ல போடும். ஃபிட்டர் ஒரு தடவை கொடுத்த வாக்கு, பல வருஷம் அப்படியே ஓடும்.

ஃபானக்ல இந்த வாக்கு 1815-ங்கற பாராமீட்டர்ல இருக்கு. எட்டு பிட், வலதுபக்கம் இருந்து 0-ல ஆரம்பிச்சு எண்ணணும். 5-வது பிட் ஏபிசி: இந்த ஆக்சிஸ்ல அப்சல்யூட் என்கோடர் இருக்குன்னு சொல்லும். 4-வது பிட் ஏபிஇசட்: என்கோடர் எண்ணுக்கும் மெஷின் இடத்துக்கும் உறவு ஏற்பட்டாச்சுன்னு சொல்லும். ரெண்டும் 1-ஆ இருந்து மத்ததெல்லாம் பூஜ்யம்னா, அந்த வரி 00110000-னு தெரியும். ரெஃபரன்ஸ் இடத்துக்கு என்ன கோஆர்டினேட் கொடுக்கணும்ங்கறது 1240-ல.

சீமென்ஸ் சினுமெரிக்ல இதே கதை வேற எண்ல வரும். 34210-ங்கற மெஷின் டேட்டா 0-ஆ இருந்தா இன்னும் பொருத்தல, 1 போட்டா பொருத்த அனுமதி, 2 வந்துட்டா பொருத்தியாச்சு. தெரிஞ்ச இடத்துல ஆக்சிஸை நிறுத்தி, அந்த இடத்தோட மதிப்பை 34100-ல எழுதி, 34210-ல 1 போட்டு, ரீசெட் அடிச்சு, ரெஃபரன்ஸ் மோட்ல டைரக்‌ஷன் கீயை அழுத்தினா, ஆக்சிஸ் அசையாமலே கணக்குப் போட்டு முடிச்சிடும். பிராண்ட் எதுவா இருந்தாலும் தத்துவம் ஒண்ணுதான்: ஒரு எண், ஒரு இடம், ரெண்டையும் இணைக்கற ஒரு பாராமீட்டர்.

இதுல இன்னொண்ணு கவனிங்க. ஃபானக் மாதிரி மெஷின்ல ரெண்டு பேட்டரி இருக்கு. 6 வோல்ட் பேட்டரி என்கோடரோட சுத்து எண்ணிக்கைக்கு. இன்னொரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி, கன்ட்ரோலர்ல பாராமீட்டர், ஆஃப்செட், புரோகிராம் எல்லாம் அழியாம இருக்க. முதலாவது செத்தா எண் போயிடும். ரெண்டாவது செத்தா என்கோடருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தும் அர்த்தம் சொல்ல ஆள் இருக்காது. அதனாலதான் பாராமீட்டர் பேக்கப்பை கார்டுல எடுத்து வெச்சுக்கோன்னு எல்லாரும் தலையில அடிச்சுச் சொல்றாங்க.

லீவு முடிஞ்சு வந்தா

மெஷின் ஆன்ல இருக்கற வரைக்கும் என்கோடருக்கு மெயின் சப்ளையே கிடைக்கும், பேட்டரிக்கு வேலை குறைவு. ஆஃப்லதான் அது சுமக்கணும். அதனால நோஞ்சான் பேட்டரி தினசரி ஓட்டத்துல மாட்டாது. பொங்கல், தீபாவளி மாதிரி தொடர் லீவு வரும்போதுதான் மாட்டும். நாலு நாள் கழிச்சு ஷட்டரைத் திறந்து, மெஷினை ஆன் பண்ணா சிவப்பா 300.

ஆனா ஃபானக் சும்மா கவுத்துவிடாது, முன்னாடியே சொல்லும். 307, 308 ரெண்டும் பேட்டரி வோல்டேஜ் இறங்குதுங்கற எச்சரிக்கை. 306 வந்தா பேட்டரி தீர்ந்தே போச்சு. 300 வந்தா "உறவு அறுந்துடுச்சு, ரெஃபரன்ஸ் புதுசா எடு"ன்னு அர்த்தம். 307 வந்தப்போ ரீசெட் அடிச்சு, "இன்னும் ஓடுதுல்ல"ன்னு விட்டவங்களுக்குத்தான் லீவு முடிஞ்சு 300 பரிசு.

பேட்டரி மாத்தறதுல நம்ம பொதுப் புத்திக்கு எதிரான ஒரு விதி உண்டு. எந்த எலெக்ட்ரிக்கல் வேலைன்னாலும் ஆஃப் பண்ணிட்டுத் தொடுன்னுதான் சொல்லித் தந்திருக்காங்க. இந்தப் பேட்டரியை மட்டும் மெஷின் ஆன்ல இருக்கும்போது, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி வெச்சுட்டு மாத்தணும். ஆஃப்ல கழட்டினா கவுண்டருக்கு சப்ளையே இல்லாமப் போயிடும். ஃபானக் ஆல்ஃபா வரிசை மோட்டார்கள்ல ஒரு கெப்பாசிட்டர் இருக்கு, அது சில நிமிஷம் தாங்கும். கையேட்டுல 10 நிமிஷத்துக்குள்ள முடிக்கச் சொல்லியிருக்கு. ஆனா அதை நம்பி இறங்கறது, பெட்ரோல் ரிசர்வ்ல போனதுக்கப்புறம் லாங் டிரைவ் கிளம்பற மாதிரி. இன்னொரு எச்சரிக்கை: ஆம்ப்ளிஃபையர் முகப்புல பேட்டரி இருந்தா, பக்கத்துலயே உயிர் போற அளவு வோல்டேஜ் இருக்கும். பயிற்சி இல்லாம நாம கையை விடற இடம் இல்ல அது. கூட நின்னு பாக்கற இடம்.

300-ஐ அழிக்கறது சுலபம்

இந்தக் கட்டுரையில முக்கியமான பகுதி இதுதான். 300 வந்தா ஃபோன்ல தேடிப் பாத்தா உடனே ஒரு வைத்தியம் கிடைக்கும்: "பாராமீட்டர் ரைட்டை ஆன் பண்ணு, 1815-ல ஏபிஇசட்டை 1 ஆக்கு, பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." அலாரம் போயிடும். உண்மைதான், போயிடும்.

ஆனா நீங்க என்ன பண்ணிட்டீங்க? "ஆக்சிஸ் இப்போ நிக்கற இடம்தான் ரெஃபரன்ஸ்"னு கன்ட்ரோலருக்கு வாக்கு கொடுத்திருக்கீங்க. அது சரியான்னு சோதிக்க மெஷின்கிட்ட வேற வழியே இல்ல. நீங்க சொன்னதை அப்படியே நம்பும். ஓடும் எல்லையைக் காக்கற சாஃப்ட் லிமிட், டூல் மாத்தற உயரம், ஜி54 ஒர்க் ஆஃப்செட் எல்லாமே அந்த ஜீரோவுல இருந்துதான் கணக்கு. ஜீரோ நகர்ந்தா எல்லாம் சேர்ந்து நகரும். அப்சல்யூட் என்கோடர் இருக்கேன்னு ஹார்ட் லிமிட் சுவிட்சே வைக்காத மெஷினா இருந்தா, நடுவுல நிறுத்திப் பிடிக்க ஆளும் இல்ல.

பெரிய தப்பைவிட சின்னத் தப்புதான் ஆபத்து. ஜீரோ 150 மிமீ தள்ளியிருந்தா முதல் அசைவுலயே எல்லாருக்கும் தெரியும், யாராவது பட்டனைத் தட்டிடுவாங்க. 10 மிமீ தள்ளியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். 0.4 மிமீ தள்ளியிருந்தா?

இன்பிளான்ட் டிரெய்னிங் போன ஒரு சின்ன ஜாப் ஷாப்ல மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருத்தர் சொன்ன கேஸ் இது. ஒரு விஎம்சில லீவுக்கப்புறம் 300 வந்திருக்கு. இசட் ஆக்சிஸ்ல பில்டர் போட்டுக் கொடுத்த பொருத்தக் கோடு கூலன்ட்லயும் பெயின்ட்லயும் மங்கிப் போயிருக்கு. கண்ணளவுல நிறுத்தி ஜீரோ போட்டாங்க. முதல் ஜாப்ல ஆழம் தப்பு. "ஆஃப்செட் மாறிடுச்சு போல"ன்னு ஜாப்பைத் திரும்பத் தொட்டு ஒர்க் ஆஃப்செட்டைப் புதுசா எடுத்தாங்க. அடுத்த ஜாப் ஓகே. எல்லாரும் நிம்மதியாயிட்டாங்க. ஆனா டூல் மாத்தும்போது மட்டும் "டக்"னு ஒரு சத்தம், முன்ன இல்லாதது. அதை யாரும் 300-ஓட சேர்த்து யோசிக்கல. சில வாரம் கழிச்சு டூல் சேஞ்சர் ஆர்ம் டூலை நடுவுல நழுவ விட்டுச்சு.

"ஜாப் சரியா வந்துச்சுன்னா மெஷின் சரியாயிடுச்சுன்னு நெனைச்சுக்கிட்டாங்கப்பா"ன்னார் அவர். யோசிச்சுப் பாத்தா காரணம் தெளிவாப் புரியும். ஒர்க் ஆஃப்செட்டைத் திரும்ப எடுத்தா, ஜாப்புக்கும் டூலுக்கும் உள்ள உறவு மட்டும்தான் சரியாகும். டூல் சேஞ்ச் உயரம் மெஷின் ஜீரோவை நம்பி இருக்கு. அது 0.4 தள்ளியேதான் இருந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் ஆர்ம் டூலை அந்த 0.4 வித்தியாசத்தோட முட்டிப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சிருக்கு. பக்கத்துல நின்ன ஆபரேட்டர் மேல அந்த டூல் விழாதது அதிர்ஷ்டம்.

சரியான வழி

ரெஃபரன்ஸ் போனதுக்கப்புறம் அதைத் தேடறது கஷ்டம். போறதுக்கு முன்னாடி குறிச்சு வைக்கறது ரொம்ப சுலபம்.

1. மெஷின் நல்லா இருக்கும்போதே ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் அசையாத ஒரு முகத்தைத் தேர்ந்தெடுங்க. டேபிளோட ஓரம், சக் முகம், எதுவானாலும் சரி. அதுல டயல் கேஜை வெச்சு, முள் பூஜ்யத்துக்கு வரும்போது மெஷின் கோஆர்டினேட் என்னன்னு எழுதி, பேனல் கதவுக்குள்ள ஒட்டிவைங்க. எந்த டயல், எந்த ஹோல்டர்ங்கறதையும் எழுதுங்க.

2. 300 வந்தா முதல்ல பேட்டரியை மாத்துங்க. பேட்டரி செத்திருக்கும்போது ஜீரோ எடுத்தா, அடுத்த ஆஃப்ல மறுபடியும் போகும்.

3. ஆக்சிஸை ஹேண்ட்வீல்ல குறைஞ்சது ஒரு மோட்டார் சுத்துக்காவது நகர்த்தி, பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அந்த ஒத்தை பல்ஸை என்கோடர் ஒரு தடவையாவது பாத்திருந்தாதான் அதுக்குத் தன் கோணம் தெரியும்.

4. பொருத்தக் கோட்டுக்கு ஆக்சிஸைக் கொண்டு வந்து ரெஃபரன்ஸ் எடுங்க. உங்க மெஷின்ல டாக் வழியாவோ, அது இல்லாம பக்கத்து பல்ஸைத் தேடியோ ரெஃபரன்ஸ் எடுக்கற வசதி இருந்தா அதையே பயன்படுத்துங்க. அதுல ஒரு பெரிய லாபம் இருக்கு. சுத்துக்குள்ள உள்ள கோணம் பேட்டரியை நம்பி இல்ல, தகட்டுலயே இருக்கு. அதனால இந்த முறையில கிடைக்கற ஜீரோ பழைய இடத்துலயே துல்லியமா இருக்கும், இல்லன்னா முழுசா ஒரு பிட்ச் தள்ளியிருக்கும். 10 மிமீ தள்ளினா கண்டுபிடிச்சிடலாம். 0.4-ங்கற பேச்சே வராது. கண்ணளவுல நிறுத்தி ஏபிஇசட்டைக் கையால 1 ஆக்கினா மட்டும்தான் அந்தச் சின்னத் தப்பு நுழையும்.

5. இப்போ அந்த முகத்துக்குப் போய் டயலை வெச்சு, கதவுல ஒட்டின எண்ணோட ஒப்பிடுங்க. வித்தியாசம் இருந்தா அந்த அளவு நகர்த்தித் திரும்ப எடுங்க. லேத்ல எக்ஸ் ஆக்சிஸ் விட்டத்துல காட்டும்னா 0.2 மிமீ இடப்பிழை 0.4 மிமீ விட்டப்பிழையாத் தெரியும், பாதியாக்க மறக்காதீங்க.

6. கடைசியா டூல் சேஞ்சை மெதுவா, ஒவ்வொரு படியா ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறம்தான் ஜாப்.

அலாரமே வராத கேஸ்கள்

மெஷினை நம்பறதுக்கும் ஒரு எல்லை உண்டு. மோட்டார்ல இருக்கற என்கோடர் பாக்கறது மோட்டாரை மட்டும்தான், டேபிளை இல்ல. நடுவுல இருக்கற எது மாறினாலும் அதுக்குத் தெரியாது.

மோட்டாருக்கும் பால் ஸ்க்ரூவுக்கும் நடுவுல டைமிங் பெல்ட் இருக்கற மெஷினை எடுத்துக்கோங்க. ஒரு மோதல்ல பெல்ட் ஒரு பல் தாவிடுச்சு. ஸ்க்ரூ பக்கத்து புல்லில 40 பல், பிட்ச் 10 மிமீன்னா, ஒரு பல்லுக்கு 0.25 மிமீ. டேபிள் 0.25 தள்ளி நிக்குது. பேட்டரி நல்லா இருக்கு, என்கோடர் நல்லா இருக்கு, 1815-ல 00110000 அப்படியே இருக்கு. ஒரு அலாரமும் வராது. கப்ளிங் வழுக்கினாலும் இதே கதைதான்.

வெப்பமும் அப்படித்தான். ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூடேறினா ஏறக்குறைய 11 முதல் 12 மைக்ரான் நீளும். ஒரு மீட்டர் ஸ்க்ரூ 10 டிகிரி சூடானா 0.1 மிமீக்கு மேல. மோட்டார் அதே அளவுதான் சுத்தியிருக்கும், எண்ணும் அதேதான், டேபிள் மட்டும் வேற இடத்துல. இதெல்லாம் ஒத்துவராத வேலைக்கு டேபிள் பக்கத்துலயே லீனியர் ஸ்கேல் வைக்கறாங்க. அப்சல்யூட் லீனியர் ஸ்கேல்ல முழு நீளத்துக்கும் திரும்ப வராத குறியீடு பதிஞ்சிருக்கும். சுத்துன்னு ஒண்ணே இல்லாததால எண்ணிக்கையும் இல்ல, பேட்டரியும் தேவையில்ல. விலைதான் கொஞ்சம் கசக்கும்.

அடுத்து இன்பிளான்ட் டிரெய்னிங்கோ, முதல் வேலையோ போகும்போது மெயின்டனன்ஸ் ஆளுங்ககிட்ட இந்த நாலு கேள்வியைக் கேளுங்க. இந்த மெஷின்ல சுத்து எண்ணிக்கையை எது காப்பாத்துது, பேட்டரியா கியரா? பேட்டரின்னா கடைசியா எப்போ மாத்தினீங்க? டி சைஸ் செல்லுன்னா வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், தேதி எங்க எழுதியிருக்கு? பாராமீட்டர் பேக்கப் யார்கிட்ட இருக்கு? பொருத்தக் கோட்டைக் காட்டுறீங்களா அண்ணா?

கடைசிக் கேள்விக்கு அவர் டார்ச் எடுத்துட்டு வந்து, மெஷினுக்குப் பின்னாடி குனிஞ்சு, துணியால துடைச்சுக் காட்டினார்னா அந்த ஷாப்ல தாராளமா வேலை கத்துக்கலாம். "அதெல்லாம் எதுக்குப்பா, ஏபிஇசட்டை ஒண்ணு ஆக்கிட்டா அலாரம் போயிடும்"னு சொன்னார்னா, டூல் மாத்தும்போது கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.